குழந்தைக் காப்பகமும் அரசுரிமமும்

நைல் நதிக்கரையின் நாணலிடையே, பிசின் பூசிய பெட்டியொன்றிற் கிடந்த மூன்று திங்கட் குழந்தையின் வரலாற்றை யாவரும் அறிவர். அக்குழந்தைக்கு யாது நேருமோ என்று அதன் தமக்கை தொலைவில் நின்று நோக்கியிருந்தாள். நீராட வந்த பார்வோன் மகள் அதனைக் கண்டு இரங்கி, பாலூட்டி வளர்க்க ஒருத்தியைக் கூலி பேசி அமர்த்தினாள். அமர்த்தப்பெற்றவள் குழந்தையை ஈன்ற தாயே. பிறர் குழவியைக் கூலி பெற்றுப் பேணும் தொழிலைப் பற்றிய பழைய செய்திகளுள் இஃதொன்று. ஆயின், கூலிக்கு வந்த செவிலி தாயாகவே அமையும் பேறு எல்லாக் குழந்தைகட்கும் வாய்ப்பதன்று. அது வாய்க்காத குழந்தையின் பொருட்டு, அத்தமக்கையைப் போலத் தொலைவில் நின்று நோக்குவார் யாவர்? இவ்வினாவே இக்கட்டுரையிற் யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

நம் தமிழ் நூல்கள் ஈன்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலி என்றும் வேறு பிரித்து வழங்கும். வளர்த்தவளுக்கும் தாய் என்னும் பெயர் தந்து போற்றியது நம் முன்னோரின் பண்பு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவரோ, பத்துப் பருவங்களுள் காப்புப் பருவத்தையே முதற்கண் வைத்தனர். செங்கீரை, தால், சப்பாணி என்பனவெல்லாம் அதன் பின்னரே வரும். குழந்தை தலையசைத்து ஆடுதற்கும், தாலாட்டிற்கு உறங்குதற்கும், கைகொட்டி மகிழ்தற்கும் முன்னர், அது காக்கப்படல் வேண்டும் என்பது இம்முறை வைப்பினால் நாம் கொள்ளத்தகும் கருத்தாம். குழந்தைக் காப்பகம் தொடங்குவார்க்கு இஃது ஏற்ற பாடம். விளையாட்டுப் பொருள்களும் வண்ணச் சுவர்களும் பின்னர் வருவன. காப்பே முதற்கண் வேண்டுவது.

ஈண்டுக் காப்பகம் என்றது, பெற்றோர் பணிக்குச் செல்லும் பகற்பொழுதில் குழந்தைகளை ஏற்றுப் பேணி, மாலையில் அவரிடமே ஒப்புவிக்கும் இடத்தை. பெற்றோரற்ற குழந்தைகள் இரவும் பகலும் தங்கி வளரும் இல்லங்கள் இதனின் வேறாவன. அவை நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறற்பாலன. இக்கட்டுரை பகற்காப்பகத்தைப் பற்றியதே.

முன்னணை என்னும் பெயர்

காப்பகத்தை ஐரோப்பியர் பலரும் 'கிரெஷ்' என வழங்குவர். இது பிரெஞ்சுச் சொல். மாட்டுக்குத் தீனி இடும் தொட்டியை, அஃதாவது நம் வேதநூலில் முன்னணை என மொழிபெயர்க்கப்பெற்ற அதனையே, அச்சொல் குறிக்கும். பாரிஸ் மாநகரில் நகராட்சிப் பொறுப்பொன்றினை வகித்த பிர்மின் மார்போ என்பவர், 1844 நவம்பர் 14-ஆம் நாள் ஷையோ என்னும் பகுதியில் முதற் காப்பகத்தைத் திறந்து, அதற்கு இப்பெயரை இட்டார். சத்திரத்தில் இடமில்லாத தாயொருத்தி தன் மகவைக் கிடத்திய இடத்தின் பெயர், வேலைக்குச் செல்லும் ஏழைத் தாயர்தம் மகவுகள் துயிலும் இடத்திற்கு ஆகி வந்தது. ஏழைத் தாயர் சிறு தொகை செலுத்திக் குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றனர். பாலூட்டும் தாயர் வேலையினிடையே வந்து ஊட்டிச் செல்லவும் வழி செய்யப்பட்டது. மார்போவின் நோக்கம் அறம். ஆனால், அறநோக்கம் உடையாரே யாண்டும் இத்தொழிலிற் புகுவர் என எதிர்பார்த்தல் இயலாது. அதனை இங்கிலாந்தின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இங்கிலாந்து கற்ற பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், குழந்தைகளைப் பணம் பெற்று வளர்ப்பதாகச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்வார் பலர் இருந்தனர். தம்மாற் பேணவியலாத தாயர், ஒரு தொகையைக் கொடுத்துக் குழந்தையை அவரிடம் ஒப்புவித்தனர். முழுத்தொகையும் முன்னரே பெற்றவளுக்குக் குழந்தை நெடுநாள் உயிர்வாழ்வதால் வரும் ஊதியம் யாதுமில்லை, செலவே உண்டு. இக்கொடிய கணக்கின் விளைவாகக் குழந்தைகள் பட்டினியாலும், உறக்க மருந்துகளாலும் மாண்டன. மார்கரெட் வாட்டர்ஸ் என்பாள் இக்குற்றத்திற்காக 1870-இல் தூக்கிலிடப்பட்டாள். நாடு திடுக்குற்றது. 1872-இல் குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஓராண்டு நிரம்பாத குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரை 24 மணி நேரத்திற்கு மேல் கூலிக்கு வைத்திருப்போர், தம் வீட்டைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது அதன் விதி.

நல்ல விதியே, எனினும் அதன்கண் இரு வழுக்கள் இருந்தன. ஓராண்டு நிரம்பிய குழந்தை அவ்விதிக்குப் புறம்பாயிற்று. பகலில் மட்டும் விடப்படும் குழந்தையும் புறம்பாயிற்று. 1896-இல் அமேலியா டயர் என்பாளின் கொலைகள் வெளிப்பட்டு, அவளும் தூக்கிலிடப்பட்ட பின்னர், 1897-ஆம் ஆண்டுச் சட்டம் வயதெல்லையை ஐந்தாக உயர்த்தியது. பகற்காப்பகங்களும், தம் வீட்டிற் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். முதற் சட்டத்திற்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 76 ஆண்டுகள். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் யாரோ சில குழந்தைகளின் துன்பம் மறைந்து நிற்கின்றது. உரிமத்தாளின் ஒவ்வொரு வரியையும் வீண் தொல்லை எனக் கருதுவார், அவ்வரி எதனால் எழுதப்பட்டது என்று ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று.

இந்நாளில் இங்கிலாந்தின் காப்பகங்களை ஆப்ஸ்டெட் என்னும் அரசுத்துறை 2001 முதல் மேற்பார்த்து வருகின்றது. பதிவு வேண்டுவதாகிய காப்பகத்தை அதன்றி நடத்துதல் குற்றமாகும். விண்ணப்பித்தவரின் முன்வரலாறு ஆராயப்படும், இடம் பார்வையிடப்படும், குழந்தைகட்கு முதலுதவி செய்யப் பயின்று சான்று பெற்ற ஒருவரேனும் எப்பொழுதும் அங்கிருத்தல் வேண்டும். இவற்றினும் நாம் கருதத்தக்கது ஆளெண் பற்றிய விதி. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் மூவர்க்கு ஒருவரும், இரண்டு வயதினர் ஐவர்க்கு ஒருவரும், மூன்று வயதுக்கு மேற்பட்டோர் எண்மர்க்கு ஒருவரும் பணியாளராக இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. தகுதி பெற்ற ஆசிரியர் உடனிருப்பின் இறுதி எண் பதின்மூன்றாகவும் உயரலாம். இரண்டு வயதினர்க்கு முன்னர் நால்வர்க்கு ஒருவர் என்றிருந்தது. 2023-இல் அஃது ஐவர்க்கு ஒருவர் எனத் தளர்த்தப்பட்டது. இடத்தின் அளவோ, இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுக்கு 3.5 சதுர மீட்டர்.

மூன்று என்னும் எண் எங்ஙனம் பொருந்தும் எனின், கூறுவாம். நடக்கவறியாத குழந்தைகள் இருக்கும் அறையில் தீப்பற்றியதாகக் கொள்வோம். ஒருத்தி இரு கைகளிலும் இரு குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஓடலாம், மூன்றாவதற்கே இடர்ப்படுவாள். பத்துக் குழந்தைகளாயின் அவள் செய்யத்தக்கது யாது? ஆளெண் விதி ஏட்டுக் கணக்கன்று. மனிதர்க்குக் கைகள் இரண்டே என்னும் உண்மையின்மேல் நிற்பது அது.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிற் காப்பகம் சட்டத்தின் வாயிலாகப் புகுந்தது தொழிற்சாலைகளின் வழியே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதின் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகட்கு அறை அமைக்க வேண்டும் என்றது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தொழிற்சாலையிற் பணிசெய்யாத தாயர் எத்துணையோ பேர். கட்டடம் எழும் இடமொன்றில், மணற்குவியலின் நிழலிற் பழஞ்சேலை விரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டு, அதன் தாய் சாந்துச் சட்டி சுமந்து ஏணியேறுவதை நம்மிற் கண்டிராதார் யாவர்? தில்லியில் அத்தகைய காட்சியைக் கண்டு உள்ளம் நொந்த மீரா மகாதேவன் என்னும் அம்மையார், 1969-இல் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூடாரம் அமைத்துக் குழந்தைகளைப் பேணத் தொடங்கினார். வேலை முடிந்து தொழிலாளர் பெயர்ந்தால் காப்பகமும் உடன்பெயரும். ஆதலின் அவ்வமைப்பு 'மொபைல் கிரெஷஸ்' எனப் பெயர் பெற்றது.

2017-இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளரை உடைய நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைக் காண இசைவு தரவேண்டும் என்றும் விதி சேர்க்கப்பட்டது. இவ்விதி, 2020-இல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள்ளும் இடம்பெற்றுள்ளது. திருத்தத்தை அடுத்து, 2018-இல் நடுவணரசு வெளியிட்ட குறைந்த அளவு நெறிமுறைகள், ஆறு திங்கள் முதல் ஆறு ஆண்டு வரை உள்ள குழந்தைகளைக் கருத்திற் கொண்டவை. குழந்தை ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி இடம், மூன்று வயதுக்குட்பட்டோர் பதின்மர்க்கு ஒருவர், அதற்கு மேற்பட்டோர் இருபதின்மர்க்கு ஒருவர் என்பன அவற்றுட் சில. இங்கிலாந்தின் மூன்றையும் நம் பத்தையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, நாம் இன்னும் செல்லவேண்டிய தொலைவு விளங்கும்.

இனி, நிறுவனத்தின் சார்பின்றித் தனியார் ஒருவர் காப்பகம் நடத்த விரும்பின் நிலை யாது? இங்கிலாந்திற் போல நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடும் ஒரே தணிக்கை முறையும் அமைக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. மழலையர் விளையாட்டுப் பள்ளிகட்குத் தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு உண்டு. அவ்வகைப் பள்ளியாயின் கல்வித்துறையின் இசைவு பெறல் வேண்டும். வீட்டின் முன்னறையிற் சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எளிய காப்பகமோ, பலகால் எவர் பார்வையிலும் படாமலே நடக்கின்றது. அங்கே அன்பு மிக்க செவிலியரும் இருப்பர். அல்லாதாரும் இருத்தல் கூடும். இருவரையும் வேறு பிரித்து அறிதற்குத் தாயிடம் கருவி யாதுமில்லை. குழந்தைக்கோ சொல்ல வாயில்லை.

கட்டடத்தைப் பற்றி யாரும் கேளாதிருத்தலின் பயனை நம் தமிழ்நாடு ஒருமுறை கண்ணீரால் அறிந்தது. 2004 ஜூலை 16-ஆம் நாள், கும்பகோணத்திற் பள்ளியொன்றின் சமையற் கொட்டகையில் எழுந்த தீ, மாடியின் கீற்றுக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். அஃது பள்ளி, காப்பகமன்று. ஆயினும் பள்ளிச் சிறுவரினும் இளையோர், ஓடவும் அறியாதார், துயிலும் இடத்திற்கு அவ்வெச்சரிக்கை எத்துணை மடங்கு பொருந்தும்!

தொடங்குவார் அறிய வேண்டுவன

எம்மோடு பயில்வாருள்ளும், இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணாக்கருள்ளும் இத்தொழிலை மேற்கொள்ள எண்ணுவார் சிலரேனும் இருப்பர். அவர் பொருட்டு இன்றியமையாதவற்றைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது இடம். தரைத்தளமே சிறந்தது. வெளியேறும் வழிகள் இரண்டு வேண்டும். கிணறும் நீர்த்தொட்டியும் மூடியிருத்தல் வேண்டும். வாளியில் நிற்கும் சில அங்குல நீரும் தவழும் குழந்தையின் உயிரைக் கொள்ளும் என்பதை மறத்தலாகாது. அடுப்பங்கரை குழந்தைகளின் அறையினின்றும் கதவால் தடுக்கப்பட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது சான்றுகள். கட்டடத்தின் உறுதிக்குப் பொறியாளர் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று, பொதுக் கட்டட உரிமம் என்னும் நான்கும் நம் மாநிலத்திற் பள்ளிகளிடம் கேட்கப்பெறுவன. சிறு காப்பகத்திடம் இவற்றுள் எவை கேட்கப்படும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து வாயிலாக வினவி விடை பெறுதல் நன்று. கேளாதவிடத்தும் இவற்றைப் பெற்று வைப்பவர் அறிவுடையார். உணவு சமைத்து வழங்குவதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையிற் பதிவும் வேண்டும். வாடகை வீடாயின், உரிமையாளர் இத்தொழிலுக்கு இசைந்ததை ஒப்பந்தத்திற் குறிப்பித்தல் வேண்டும்.

மூன்றாவது ஆட்கள். ஒவ்வொருவரின் முன்வரலாற்றையும் காவல்துறை வாயிலாக உசாவியறிக. முதலுதவி பயிற்றுக. நம் நெறிமுறை பத்தென்று கூறினும், கைக்குழந்தைகட்கு அதனினும் குறைந்த எண்ணையே கொள்க. குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாக அறிந்தவர் அதனைக் காவல்துறைக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிப்பதைப் பணியாளர் யாவர்க்கும் முதல் நாளிலேயே தெரிவித்தல் கடன்.

நான்காவது நாள்முறை. கைக்குழந்தையை மல்லாக்கக் கிடத்தியே உறங்கவைத்தல் வேண்டும். 1991-இல் இங்கிலாந்தில் இவ்வறிவுரை பரப்பப்பட்ட பின்னர், உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை முதலியன தொண்டையில் அடைபடுமாதலின் விலக்கத்தக்கன. துணி மாற்றிய பின்னும் உணவூட்டுமுன்னும் கை கழுவுதல் ஒருபொழுதும் தவறலாகாது.

ஐந்தாவது ஏடுகள். வருகை ஏடு, தடுப்பூசிக் குறிப்பு, ஒவ்வா உணவுகளின் பட்டியல், மருந்து கொடுத்த நேரம், சிறு காயமாயினும் அதனை எழுதும் ஏடு என்பன வேண்டும். மாலையில் குழந்தையை யார் யாரிடம் ஒப்புவிக்கலாம் என்பதைப் பெற்றோர் கையொப்பத்துடன் வைத்துக்கொள்க. மாமன் என்று சொல்லி வருவோரெல்லாம் மாமனாகார்.

இறுதியாக, கதவு. தாய் எந்நேரம் வரினும் உள்ளே விடும் காப்பகமே நல்ல காப்பகம். நான்கு முறை காண இசைவு தந்த சட்டத்தின் உட்பொருளும் இஃதே. முன்னறிவிப்பின்றி வரும் தாயின் கண்ணினும் சிறந்த தணிக்கையதிகாரி இலர்.

செலவை யார் ஏற்பது?

இத்துணையும் படித்த அன்பர் ஒருவர், "விதிகள் மிகுந்தால் கட்டணம் மிகும், ஏழைத் தாய் யாது செய்வாள்?" என வினவலாம். இவ்வினாவைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வாம். பணியாளர் ஒருத்திக்குத் திங்கள் ஒன்றுக்கு 12,000 ரூபாய் ஊதியம் என்க. அவள் பத்துக் குழந்தைகளைப் பார்த்தால், குழந்தை ஒன்றுக்கு அவ்வூதியத்தின் பங்கு 1,200 ரூபாய். மூன்றையே பார்த்தால் 4,000 ரூபாய். வாடகையும் உணவும் இதன்மேலாம். பத்தாயிரம் ஈட்டும் தாய் அதனிற் பாதியைக் காப்பகத்திற்கே கொடுத்தல் இயலுமோ? இயலாதவள் கட்டணம் குறைந்த, பதிவற்ற, கூட்டம் மிக்க அறையைத் தேடிச் செல்வாள். அன்றேல் மணற்குவியலின் நிழலையே நாடுவாள். அங்ஙனமாயின், காப்பின் பொருட்டு எழுந்த விதியே ஏழைக் குழந்தையைக் காப்பிற்கு வெளியே நிறுத்திவிடும்.

இதற்கு விடை விதியைத் தளர்த்துவதன்று என்பது எம் கருத்து. ஒருத்திக்குக் கைகள் இரண்டே என்னும் உண்மை ஏழைக் குழந்தையின் அறையில் மாறிவிடுவதில்லை. மூன்றுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட செலவைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றாமல், அவள் உழைப்பாற் பயன்பெறும் முதலாளியும், அக்குழந்தையை நாளைய குடியாகப் பெறும் அரசும், அறநிலையங்களும் பகிர்ந்து ஏற்றலே முறை. மார்போவின் காப்பகத்திற் பெறப்பட்ட கட்டணம் சிறிதாயிருந்தமையும், மீரா மகாதேவன் தொழிலாளர் இருக்கும் இடத்திற்கே காப்பகத்தைக் கொண்டு சென்றமையும் இவ்வுண்மையை உணர்ந்தமையால் அன்றோ? உரிமம் ஒரு கையாயின், உதவி மற்றொரு கை. ஒரு கையால் குழந்தையைத் தூக்குதல் அரிது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறி முடிப்பாம். கூலிச் செவிலியின் கையில் விடப்பட்ட குழந்தையைத் தொலைவில் நின்று நோக்குவார் யாவர்? அத்தமக்கையின் இடத்தில் நிற்பதே அரசுரிமத்தின் தொழில். அது குழந்தையைத் தாலாட்டாது, பாலூட்டாது. ஆனால் கண்ணிமையாது நோக்கும். தீங்கு வரின் வினவும். நோக்குவார் உளர் என்பதை அறிந்த நல்ல செவிலி அதனால் வருந்தாள். தன் உழைப்பிற்குச் சான்று கிடைத்ததென மகிழ்வாள். நம் மாணவமணிகள் இத்தொழிலிற் புகுவாராயின், சட்டம் கேட்கும் அளவில் நின்றுவிடாது, தம் குழந்தை அவ்வறையிற் கிடப்பின் யாது கேட்பரோ அதனையே தம்மிடம் தாம் கேட்பாராக. முன்னணையிற் கிடந்த குழந்தையை வணங்கும் நாம், முன்னணையின் பெயர் பூண்ட இடங்களிற் கிடக்கும் குழந்தைகட்கு ஆற்றத்தகும் தொண்டு இதுவேயாம்.